ஸ்கேன் 'கிளீன்' என்றால் முழங்காலும் நலமா?



சென்ற வாரம் நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் எடுத்துக்கொண்ட தலைப்பு விளையாட்டுக் காயங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சி. அதில் ஏறக்குறைய பாதியை ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொண்டது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர், என் மகனுக்கு முட்டியில ஜவ்வு ஆபரேஷன் செஞ்சு ஒரு வருஷம் ஆயிருச்சு. இப்ப மறுபடியும் வலிக்குதுங்கிறான். அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். ஒன்னும் இல்லன்னுட்டாங்க. ஒன்னும் இல்லன்னா அப்புறம் ஏன் வலிக்குது?"

அரங்கிலிருந்த எலும்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் தங்களால் இயன்றவரை விளக்கினார்கள். ஆனால் விளம்பர இடைவேளை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகும் அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அதே கேள்வியை நாங்கள் எங்கள் வீட்டில் கேட்கத் தவறியிருக்கிறோம். அன்று நேரம் போதாமல் விடுபட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தம்பிக்கு அப்போது 26 வயது. ஞாயிற்றுக்கிழமை இரவு என்றால் நண்பர்களோடு புட்சால் விளையாடப் போய்விடுவான். ஒரு நாள் பந்தைத் திருப்பியபடி உடம்பையும் திருப்பியபோது பாதம் மட்டும் தரையிலேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அன்றிரவே முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது.

பரிசோதனையில் மூட்டின் நடுவே இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுந்திருப்பது தெரிந்தது. விளையாட்டுச் செய்திகளில் 'ஏசிஎல்' என்று குறிப்பிடுவது இதைத்தான். அறுவை சிகிச்சையில் புதிய தசைநார் பொருத்தினார்கள். மூட்டின் உட்பக்கத்தில் கிழிந்திருந்த இன்னொரு ஜவ்வையும் தைத்தார்கள். ஒன்பது மாதம் பிசியோதெரபி. தம்பி மீண்டும் திடலுக்குப் போனான்.

ஓராண்டும் சில மாதங்களும் கழிந்த பிறகு மூட்டின் உட்பக்கத்தில் வலி தொடங்கியது. விளையாடிய மறுநாள் வீக்கம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்தான். அன்றே முடிவு. எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, ஸ்கேன் கிளீன்!"

மூன்று வாரம் கழித்து அவனால் காலை நீட்டவே முடியவில்லை. மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. எம்ஆர்ஐ எடுத்தபோது, தைத்திருந்த ஜவ்வு மறுபடியும் நீளமாகக் கிழிந்து மூட்டின் நடுவே புரண்டு கிடந்தது தெரிந்தது. இம்முறை அதைத் தைக்க முடியவில்லை. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

அறுவை சிகிச்சைக்காகக் கோப்புகளைத் தேடியபோதுதான் அந்த அல்ட்ராசவுண்ட் அறிக்கையை முதன்முறையாகப் படித்தேன். இரண்டே வரிகள். முதல் வரி, பார்க்க முடிந்த பகுதியில் கிழிசல் இல்லை என்றது. இரண்டாவது வரி, பின்பகுதியும் ஆழமான பகுதியும் முழுமையாகத் தெரியவில்லை, வலி நீடித்தால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்றது. அந்த இரண்டாவது வரியை எங்களுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. நாங்களும் உறையைப் பிரித்துப் படிக்கவில்லை.

நான் படித்தது மக்கள் தொடர்புத்துறை டிப்ளோமா. மருத்துவம் அல்ல. ஆனால் செய்தித் துறையில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். 'தகவல் கிடைக்கவில்லை' என்பதும் 'சம்பவம் நடக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. ஸ்கேன் அறிக்கைக்கும் இது பொருந்தும் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

எந்த ஜவ்வு?

நம்மவர்கள் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்றே சொல்வார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முழங்காலில் நாம் ஜவ்வு என்று அழைக்கும் பொருள்கள் இரு வகை.

ஒன்று தசைநார். இது கயிறு போன்றது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்துக் கட்டி, மூட்டு நழுவாமல் வைத்திருக்கும். ஏசிஎல் இந்த வகை.

மற்றொன்று மெனிஸ்கஸ். கிரேக்க மொழியில் சிறுபிறை என்று பொருள். பெயருக்கேற்ப மூன்றாம் பிறை வடிவத்தில், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போல அமர்ந்திருக்கும் குருத்தெலும்பு இது. ஒவ்வொரு முழங்காலிலும் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். வெளிவிளிம்பு தடித்தும், மூட்டின் நடுவை நோக்கிய ஓரம் மெலிந்தும் இருக்கும்.

நாம் காலை நீட்டி நிற்கும்போது மூட்டில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியை இந்த இரண்டு பிறைகளும் வாங்கிக்கொள்கின்றன. முழங்காலை 90 பாகைக்கு மடக்கும்போது இது 85 விழுக்காடு வரை உயர்கிறது. தரையில் சம்மணமிட்டு எழுந்திருக்கும்போதும், படி இறங்கும்போதும் நம் எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பதற்கு இவற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தியும் முக்கியம். மெனிஸ்கஸின் வெளிவிளிம்புக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. நடுப்பக்கத்து மெல்லிய ஓரத்துக்கு இரத்தம் செல்வதில்லை. இரத்தம் செல்லும் இடத்தில் கிழிந்தால் தைத்து ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். செல்லாத இடத்தில் கிழிந்தால் தானாக ஆறுவது கடினம்.

வேண்டாத உறுப்பாக இருந்த காலம்

இவ்வளவு வேலை செய்யும் ஓர் உறுப்பை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே மதிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டாக்டர் தாமஸ் அனன்டேல் 1883-ஆம் ஆண்டிலேயே மெனிஸ்கஸைத் தைத்துக் காட்டினார். ஆனால் அவர் வழியில் அதிகம் பேர் போகவில்லை. 1897-இல் இங்கிலாந்தின் ஜான் பிளாண்ட் சட்டன், இது ஏதோ ஒரு தசையின் பயனற்ற மிச்சம் என்றே எழுதினார். கிழிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவதே பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது.

1948-இல் டாக்டர் ஃபேர்பேங்க், மெனிஸ்கஸ் அகற்றப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தார். எலும்பு விளிம்பில் முண்டு வளர்வதையும், மூட்டு இடைவெளி குறுகுவதையும், தொடை எலும்பின் முனை தட்டையாவதையும் சுட்டிக்காட்டினார். மூட்டுத் தேய்மானம் இளம் வயதிலேயே வந்து சேர்வதற்கான அறிகுறிகள் இவை. 1962-இல் டோக்கியோவில் டாக்டர் மசாகி வாட்டனாபே, சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி, கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். இன்று முடிந்தவரை தைத்துக் காப்பாற்றுவதே நோக்கமாக இருக்கிறது. அதனால்தான் 'தைத்த இடம் ஒட்டியதா இல்லையா' என்ற கேள்வியும் இன்று பெரிதாகிவிட்டது.

மாரின் பட்ட பாடு

தசைநாரும் மெனிஸ்கஸும் அண்டை வீட்டுக்காரர்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. ஏசிஎல் அறுந்தவர்களில் பெரும் பகுதியினருக்கு மெனிஸ்கஸிலும் காயம் இருக்கும். அறுந்த தசைநாரோடு மாதக்கணக்கில் விளையாடினால் உட்பக்க மெனிஸ்கஸ் கிழியும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

பூப்பந்து ரசிகர்களான நமக்கு ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மாரினை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பி.வி. சிந்துவை வென்று தங்கம் வாங்கியவர். 2019 ஜனவரியில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் சாய்னா நேவாலுடன் மோதியபோது அவருடைய வலது முழங்காலின் ஏசிஎல் அறுந்தது. எட்டு மாதம் முடியும் முன்பே திரும்பி வந்து அதே ஆண்டு செப்டம்பரில் சீனப் பொதுப் போட்டியை வென்றார். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது இடது முழங்காலில் ஏசிஎல்லோடு இரண்டு மெனிஸ்கஸ்களும் கிழிந்தன. அதிலிருந்தும் மீண்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் சீனாவின் ஹ பிங்ஜியாவோவுக்கு எதிராக முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது வலது கால் மடங்கி விழுந்தார். முன்பே அறுவை சிகிச்சை நடந்த அதே முழங்கால். ஏசிஎல்லோடு இரண்டு மெனிஸ்கஸ்களும் கிழிந்திருந்தன.

உலகத் தரமான மருத்துவக் குழு பக்கத்திலேயே இருக்கும் ஒருவருக்கே இந்த நிலை. வார இறுதியில் விளையாடும் நம் பிள்ளைகளுக்கு? அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்பதற்காக, அந்த முழங்காலில் வரும் புதிய வலியை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

ஒலியால் பார்ப்பது எப்படி?

பத்துமலைக் குகைக்குள் நின்று குரல் கொடுத்திருக்கிறீர்களா? பாறையில் பட்டு நம் குரல் நமக்கே திரும்பி வரும். சுவர் பக்கத்தில் இருந்தால் விரைவாகவும், தொலைவில் இருந்தால் தாமதமாகவும் வரும். அல்ட்ராசவுண்ட் கருவி செய்வதும் இதைத்தான். நம் காதுக்கு எட்டும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். முழங்காலுக்குப் பயன்படும் கருவி ஏறக்குறைய 7 முதல் 15 மில்லியன் அதிர்வுகளை அனுப்புகிறது. அவை நம் தசைகளுக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்புகின்றன. திரும்பி வரும் ஒலியைக் கணக்கிட்டு கணினி படமாக வரைகிறது. கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே முறைதான். ஸ்காட்லாந்தின் டாக்டர் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மகப்பேறு மருத்துவத்தில் வேரூன்றி, பின்னர் மூட்டு மருத்துவத்துக்கும் வந்த கருவி இது.

ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒலி எலும்பைத் துளைத்துக்கொண்டு போகாது. எலும்பில் பட்டால் திரும்பிவிடும். எலும்புக்குப் பின்னால் இருப்பது படத்தில் வெறும் கறுப்பு. அடுத்து, அதிர்வு எண்ணிக்கை கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஆழத்துக்குப் போகும் சக்தி குறையும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மெனிஸ்கஸைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த இரண்டு தடைகளும் குறுக்கே நிற்கின்றன.

எதை நன்றாகக் காட்டும்?

அல்ட்ராசவுண்ட் பயனற்றது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்த முழங்காலில் அது நன்றாகப் பதில் சொல்லும் கேள்விகள் பல இருக்கின்றன.

மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்பதைக் கொஞ்சமாக இருந்தாலும் காட்டிவிடும். நீரை ஊசியால் எடுக்க வேண்டுமென்றால் ஊசிக்கு வழிகாட்டவும் செய்யும்.

மெனிஸ்கஸின் வெளிவிளிம்பு, இரண்டு எலும்புகளுக்கு நடுவே வெண்மையான முக்கோணமாகத் தெரியும். அதன் குறுக்கே கருங்கோடு ஓடினால் கிழிசலாக இருக்கலாம். கிழிசலிலிருந்து நீர் கசிந்து பக்கத்தில் உருவாகும் நீர்க்கட்டியும் தெளிவாகத் தெரியும்.

மெனிஸ்கஸ் தன் இடத்திலிருந்து வெளியே பிதுங்கியிருக்கிறதா என்பதை அளக்கலாம். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் பிதுங்கினால் மருத்துவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள். இங்கேதான் அல்ட்ராசவுண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு. வழக்கமான எம்ஆர்ஐயில் நாம் படுத்திருக்கிறோம். அல்ட்ராசவுண்டில் நோயாளியை நிற்கவைத்து, காலில் பாரம் இறங்கும்போது மெனிஸ்கஸ் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதி அறுந்தால், அந்த இடம் நேரடியாகத் தெரியாவிட்டாலும், மெனிஸ்கஸ் வெளியே தள்ளப்படுவது ஒரு துப்பாக அமையும்.

மெனிஸ்கஸைத் தைக்கப் பயன்படும் சிறு பிடிப்பான்கள் சில வேளைகளில் மூட்டின் உறைக்கு வெளியே அமர்ந்து உறுத்தும். புதிய ஏசிஎல் செய்வதற்காகத் தொடையின் பின்புறத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நார் எடுத்திருப்பார்கள். எடுத்த இடம் வலிக்கலாம். தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இவற்றை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டும். 'இங்கேதான் வலிக்கிறது' என்று நோயாளி விரல் வைக்கும் இடத்திலேயே கருவியையும் வைக்கலாம். மற்ற காலோடு ஒப்பிடலாம். செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு.

எதைக் காட்டாது?

இனி அந்த இரண்டாவது வரிக்கு வருவோம்.

மெனிஸ்கஸின் நடுவை நோக்கிய மெல்லிய ஓரம் எலும்புகளின் மறைவில் இருக்கிறது. பின்பகுதி ஆழத்தில் இருக்கிறது. கிழிசல்கள் அதிகம் வருவதோ அந்தப் பின்பகுதியில்தான். மூட்டின் நடுவே பொருத்தப்பட்ட புதிய ஏசிஎல் எப்படி இருக்கிறது என்பதையும், எலும்புக்குள் ஏற்பட்ட கன்றலையும் அல்ட்ராசவுண்டால் நம்பகமாகச் சொல்ல முடியாது. தொடை பருத்தவர்களிடம் சிரமம் இன்னும் கூடும்.

கருவியைப் பிடித்திருக்கும் கையின் அனுபவமும் முக்கியம். எம்ஆர்ஐ படத்தை நாளைக்கு வேறொரு மருத்துவர் முழுமையாகப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டிலோ, பரிசோதித்தவர் எந்தக் கோணத்தில் பிடித்தாரோ அது மட்டுமே பதிவாகிறது.

வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தேர்ந்த கைகளில் 10 மெனிஸ்கஸ் கிழிசல்களில் ஏறக்குறைய 8-ஐ அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிக்கிறது என்கிறார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் மீதி இரண்டு பேரில் ஒருவராக நம் பிள்ளை இருந்தால்?

தைத்த மெனிஸ்கஸின் சிக்கல்

அறுவை சிகிச்சை நடக்காத முழங்காலைப் படிப்பது ஒன்று. நடந்த முழங்காலைப் படிப்பது வேறு. சட்டையைத் தைத்த இடத்தில் தையல் கோடு தெரியத்தானே செய்யும்? தைத்து ஆறிய மெனிஸ்கஸிலும் தழும்பு இருக்கும். அல்ட்ராசவுண்டில் அது கருங்கோடாகத் தெரியலாம். எம்ஆர்ஐயிலும் ஆறிய தழும்பு, கிழிசலைப் போலவே ஆண்டுக்கணக்கில் தோன்றலாம். ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தால் மெனிஸ்கஸின் வடிவமே மாறியிருக்கும். முன்பு என்ன செய்தார்கள் என்று தெரியாதவருக்கு அதுவும் கிழிசலாகத் தோன்றும்.

ஆகவே ஏமாற்றம் இரண்டு பக்கமும் வரலாம். கிழிசல் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். ஆறியிருந்தும் 'இருக்கிறது' என்று வரலாம். இதைத் தீர்த்துவைக்க உதவும் மிகச் சாதாரணமான ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் அறுவை சிகிச்சைக் குறிப்பு. எந்தப் பக்க மெனிஸ்கஸ், எந்தப் பகுதி, தைத்தார்களா, வெட்டினார்களா, அப்படியே விட்டார்களா என்பது அதில் இருக்கும். தம்பி ஸ்கேன் எடுக்கப் போனபோது அந்தக் குறிப்பைக் கொண்டு போகவில்லை. 'ஏசிஎல் ஆபரேஷன் செய்தேன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். தைத்த மெனிஸ்கஸ் ஒன்று உள்ளே இருப்பதே பரிசோதித்தவருக்குத் தெரியாது.

அப்படியானால் எல்லாரும் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். உட்பகுதியைப் பார்க்க எம்ஆர்ஐதான் சிறந்தது. மறுப்பில்லை. ஆனால் புதிய தசைநாரைப் பிடித்திருக்கும் உலோகத் திருகாணிக்குப் பக்கத்தில் அதன் படமும் கலங்கும். மேலும், படத்தில் கிழிசல் இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்றும் முடிவுகட்ட முடியாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிசல் காணப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை என்றார்கள். எனவே படம், நோயாளி சொல்லும் அறிகுறி, மருத்துவர் கையால் மடக்கித் திருப்பிச் செய்யும் பரிசோதனை, பழைய குறிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் வலிக்காக அல்ட்ராசவுண்ட் எடுப்பவர்கள் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.

2. 'ஏதாவது இருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்தெந்தப் பகுதியைப் பார்க்க முடிந்தது? எதைப் பார்க்க முடியவில்லை?' என்று கேளுங்கள்.

3. அறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள். புரியாவிட்டால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. வலி எப்போது வருகிறது, எந்த இடத்தில் வருகிறது, மறுநாள் வீங்குகிறதா, கால் வழுக்குவது போல் இருக்கிறதா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது இன்னொரு ஸ்கேன் போல உதவும்.

5. ஸ்கேன் சுத்தம் என்றாலும் வலியும் வீக்கமும் நீடித்தால் திடலுக்குத் திரும்பாதீர்கள். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில், உள்ளே என்ன திருகாணி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், புரண்டு சிக்கிய மெனிஸ்கஸாக இருக்கலாம். நாள் கடத்தினால் தைக்கும் வாய்ப்புக் குறையும். அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கண்டுபிடிக்க முதலில் நாட வேண்டியது அல்ட்ராசவுண்ட்தான். மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்பத் துடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், அந்த முழங்காலில் மறுபடியும் காயம் படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. தைத்த மெனிஸ்கஸோ 9 மாதத்துக்குப் பிறகும் கவனிப்புக் கேட்கும். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையான தையல்கள் தோல்வியடைந்திருந்தன. ஒட்டியவை அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏசிஎல் சிகிச்சையோடு சேர்த்துத் தைக்கப்படும் மெனிஸ்கஸ் தனியாகத் தைப்பதைவிட நன்றாக ஆறுகிறது. எலும்பில் துளையிடும்போது கசியும் மஜ்ஜை அதற்குத் துணை செய்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அந்த அம்மா

நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். மகனுடைய அறிக்கை அவருடைய கைப்பேசியில் படமாக இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் வரி எல்லாம் நலம் என்றது. அதன் கீழே, சிறிய எழுத்தில், பின்பகுதி சரியாகத் தெரியவில்லை என்று இருந்தது.

"இத யாரும் சொல்லலையே அம்மா" என்றார்.

எங்களுக்கும் சொல்லவில்லை என்றேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் இதையும் பழைய குறிப்பையும் சேர்த்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அதுவரை மகனை விளையாட விட வேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த புதன்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டதாக இரண்டு நாள் கழித்துத் தகவல் அனுப்பினார்.

என் தம்பி இப்போது புட்சால் ஆடுவதில்லை. நீந்துகிறான், சைக்கிள் ஓட்டுகிறான். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறினான். இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான். அவனுக்கு இன்னும் 30 வயதுகூட ஆகவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஓர் அறிக்கை உறைக்குள்ளேயே இருக்கிறதா? இன்றே எடுத்துக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். மீண்டும் அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.